மாடித்தோட்ட டெலிகிராம் குரூப்பில் ஸ்பேமும் வம்பும்: புது அட்மினுக்கு ஒரு செய்முறை

மாடித்தோட்டத்துக்கென்று டெலிகிராமில் குரூப் ஆரம்பித்தால், தெரிந்தவர்கள் மட்டும் இருக்கும் வரை சுகம்தான். கத்தரிக்காய் போட்டோ, விதைப் பகிர்வு, மாவுப்பூச்சிப் புலம்பல் என்று பொழுது போகும். லிங்க் நாலு இடத்துக்குப் போன பிறகுதான் ‘வீட்டிலிருந்தே தினமும் 5000 ரூபாய்’ ஆட்கள் வந்து இறங்குவார்கள். அவர்கள் பின்னாலேயே, செடியை விட்டுவிட்டுச் சண்டையை வளர்க்கிறவர்களும் வருவார்கள்.

இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஸ்பேம், அதாவது அந்த விளம்பரக் குப்பை, போடுவது பெரும்பாலும் தானியங்கிக் கணக்கு. அதனிடம் பேசிப் பயனில்லை, செட்டிங்கிலேயே அடைத்துவிட வேண்டும். வம்பிழுப்பவர் மனிதர், அவருக்குப் பேச்சும் வேண்டும், கொஞ்சம் செட்டிங்கும் வேண்டும். புது அட்மின்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைத்தான் நிறையப் பார்க்கிறேன். ஸ்பேமுக்குக் கீழே ‘இப்படிப் போடாதீங்க சார்’ என்று கெஞ்சுவார்கள், கோபக்கார உறுப்பினர் ஒருவரை எடுத்த எடுப்பில் வெளியே தள்ளுவார்கள்.

படி 1: வாசலைச் சரிசெய்யுங்கள்

யார் வேண்டுமானாலும் நேராக நுழையும் லிங்க்கை நிறுத்திவிட்டு, புதிதாக ஒன்று உருவாக்குங்கள். உருவாக்கும்போது ‘ரெக்வெஸ்ட் அட்மின் அப்ரூவல்’ என்பதை ஆன் செய்யுங்கள். இனி வருகிறவர் கதவைத் தட்டுவார், நீங்கள் திறந்தால்தான் உள்ளே வர முடியும். கோரிக்கையில் அவருடைய படமும் பயோவும் (தன்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் குறிப்பு) தெரியும். பயோவில் இன்னொரு சேனலின் லிங்க், ‘டிரேடிங்’, ‘கிரிப்டோ’ என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நிராகரியுங்கள்.

அடுத்து பர்மிஷன்ஸ் பக்கம். உறுப்பினர்கள் மற்றவர்களைச் சேர்ப்பது, பின் செய்வது (ஒரு செய்தியை எல்லாருக்கும் தெரியும்படி மேலே நிறுத்திவைப்பது), குரூப் பெயரை மாற்றுவது மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். போட்டோ ஆனிலேயே இருக்கட்டும். இலையைப் பார்க்காமல் என்ன நோய் என்று சொல்வது எப்படி? ஃபைல்ஸை மட்டும் கட்டாயம் ஆஃப் செய்யுங்கள். கல்யாணப் பத்திரிகை, வங்கி அறிவிப்பு என்ற பெயரில் வரும் ஏ.பி.கே. ஃபைல்கள் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்கள்) இந்த வழியாகத்தான் நுழைகின்றன. அதை இன்ஸ்டால் செய்தவரின் போன் அதன்பின் அவர் கையில் இருக்காது. ‘எம்பெட் லிங்க்ஸ்’ஸை ஆஃப் செய்துவிட்டு, லிங்க்கே வராது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். முன்னோட்டப் படம் மட்டும்தான் மறையும், லிங்க் வந்துகொண்டுதான் இருக்கும்.

உறுப்பினர்கள் 100 பேரைத் தாண்டியதும் உறுப்பினர் பட்டியலை மறைக்கலாம். இதை விட்டுவிடாதீர்கள். அட்மினின் பெயரையும் படத்தையும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, பட்டியலில் இருப்பவர்களுக்குத் தனிச்செய்தியில் ‘அரிய விதை வந்திருக்கு, ஜிபே பண்ணுங்க’ என்று கேட்பது நன்றாக ஓடும் மோசடி. நீல ரோஜா விதை, வானவில் ரோஜா விதை என்றெல்லாம் அனுப்புவார்கள். அந்தப் படங்களில் இருப்பது சாயமேற்றிய பூ. 200 பேருக்கு மேல் ஆனதும் அட்மின்கள் பக்கத்தில் ஸ்பேமைத் தானாகவே பிடித்து நீக்கும் ‘அக்ரெஸிவ் ஆன்ட்டி ஸ்பேம்’ கிடைக்கும். ஆன் செய்துவிட்டு, சில நாள் ‘ரீசன்ட் ஆக்‌ஷன்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். நல்ல பதிவு ஏதும் தவறி அடிபட்டிருந்தால் அங்கே தெரியும். அந்தப் பட்டியல் கடைசி 48 மணி நேரத்துக்குத்தான் இருக்கும்.

படி 2: விதியை எழுதிப் பின் செய்யுங்கள்

ஐந்து வரி போதும். நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு மாதிரி:

‘செடி, மண், உரம், பூச்சி பற்றி மட்டும் பேசுவோம். விற்பனைப் பதிவு ஞாயிற்றுக்கிழமை மட்டும். குரூப் பெயரைச் சொல்லி யாராவது தனிச்செய்தியில் பணம் கேட்டால் அனுப்ப வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள். கருத்தை மறுக்கலாம், ஆளைக் கிண்டல் செய்யக் கூடாது. மீறினால் பதிவு நீக்கப்படும். தொடர்ந்தால் ஒரு வாரம் எழுத முடியாது.’

விற்பனையை முழுசாகத் தடுக்காதீர்கள். நாற்று வளர்த்து விற்கும் அக்காக்கள் பலர் இந்தக் குரூப்களை நம்பித்தான் இருக்கிறார்கள். ஒரு நாள் ஒதுக்கிவிட்டால் மற்ற ஆறு நாளும் நிம்மதி.

படி 3: ஸ்பேம் வந்துவிட்டால்

செய்தியை அழுத்திப் பிடித்து டிலீட் கொடுங்கள். வரும் பெட்டியில் ஸ்பேம் என்று புகார் செய், இவரைத் தடை செய், இவருடைய எல்லாப் பதிவையும் நீக்கு என்று மூன்று இருக்கும். மூன்றையும் டிக் செய்யுங்கள். அதோடு வேலை முடிந்தது. ‘ஒரு ஸ்பேமரை நீக்கிவிட்டேன்’ என்று அறிவிக்க வேண்டாம். பார்க்காதவர்களும் என்ன ஏதென்று கேட்கத் தொடங்குவார்கள்.

ஒரு தந்திரத்தை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர் ‘வணக்கம்’ என்று மட்டும் போடுவார். யாரும் கண்டுகொள்ள மாட்டோம். சில மணி நேரம் கழித்து அதையே எடிட் செய்து விளம்பர லிங்க்காக மாற்றிவிடுவார். ‘எடிட்டட்’ என்ற அடையாளத்தோடு பழைய செய்தி ஒன்று கண்ணில் பட்டால் திறந்து பாருங்கள்.

படி 4: வம்பிழுப்பவர்

இங்கேதான் அட்மினுக்கு உண்மையான வேலை. முதலில், ஆள் வம்பரா, வெறும் பிடிவாதக்காரரா என்று பாருங்கள். குரூப் தேடலில் அவர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அவர் எழுதியது மொத்தமும் வரும். யூரியா என்ற சொல்லைக் கேட்டாலே கொதிக்கிற இயற்கை விவசாய ஐயா ஒருவர் எல்லாக் குரூப்பிலும் இருப்பார். சண்டை போடுவார், ஆனால் பஞ்சகவ்யம் எத்தனை மில்லி என்று கேட்டால் பொறுமையாகப் பதிலும் சொல்வார். அவர் சொத்து, விட்டுவிடாதீர்கள். வம்பர் எழுதியதில் செடியே இருக்காது, எதிரே இருக்கும் ஆள்தான் இருப்பார்.

ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். புது உறுப்பினர் ஒருவர் கேட்கிறார்: ‘தக்காளி பூத்துப் பூத்து உதிருது, என்ன பண்றது?’ உடனே ஒருவர்: ‘முதல்ல செடிக்கும் களைக்கும் வித்தியாசம் கத்துக்கிட்டு வாங்க மேடம்.’ நாலு பேர் சிரிப்பு எமோஜி போடுகிறார்கள். கேட்டவர் இனி வாயே திறக்க மாட்டார்.

இப்போது சிரித்தவர்களோடு மல்லுக்கட்டாதீர்கள். முதலில் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: ‘பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினா தக்காளிப் பூ உதிரும்மா. நிழல்வலை கட்டுங்க, தண்ணி ஒரே சீரா விடுங்க, காலையில பூங்கொத்தை லேசா தட்டி விடுங்க.’ பேச்சு தக்காளிக்குத் திரும்பிவிடும். பிறகு கிண்டல் பதிவைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு, எழுதியவருக்குத் தனியாக: ‘சார் வணக்கம். தக்காளி கேள்விக்கு நீங்க போட்ட பதிலை எடுத்துட்டேன். புதுசா வர்றவங்க கேட்கத் தயங்குறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க, ஆளைச் சொல்ல வேண்டாம்.’ இதை எல்லார் முன்னாலும் எழுதினால் அவர் மானப் பிரச்சினையாக்கிக்கொள்வார், வேடிக்கை பார்க்கக் கூட்டமும் சேரும். அவருக்கு வேண்டியதே அந்தக் கூட்டம்தான்.

மறுபடி செய்தால் ‘பேன்’ (ஒரேயடியாக வெளியே தள்ளும் தடை) வேண்டாம், ரெஸ்ட்ரிக்ட் செய்யுங்கள். ஒரு நாள், ஒரு வாரம் என்று காலம் வைக்கலாம். படிக்க முடியும், எழுத முடியாது. பேன் செய்தால் வேறு நம்பரில் வந்து நிற்பார். மூன்றாவது தடவைக்கு பேன் சரி. சண்டை பலரிடம் பரவிவிட்டால் ஸ்லோ மோடை 5 நிமிடத்துக்கு வையுங்கள். அடுத்த வரி எழுத 5 நிமிடம் காத்திருக்கச் சொன்னால் பாதிக் கோபம் அடங்கிவிடும். உங்கள் நண்பர் வம்பிழுத்தாலும் இதே வரிசைதான். அங்கே சலுகை காட்டினால் மற்ற எவரையும் கேட்க முடியாது.

படி 5: பணம், போலீஸ், சட்டம்

உறுப்பினர் யாராவது பணத்தை இழந்திருந்தால், பதிவை நீக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறாரோ, பணம் கைமாறாமல் முடக்க அவ்வளவு வாய்ப்பு. உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் உள்ளே போவாரா என்ற பயம் பலருக்கு உண்டு. வாட்ஸ்அப் குரூப் வழக்குகளில், அட்மின் என்பதாலேயே ஒருவர் பொறுப்பாகிவிட மாட்டார் என்று பாம்பே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் சொல்லியிருக்கின்றன. அதற்காக, தெரிந்தே மோசமான பதிவை அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

படி 6: இரண்டாவது அட்மின்

ராத்திரி 2 மணிக்கு வரும் ஸ்பேமைப் பார்க்க நீங்கள் ஒருவர் போதாது. வெளிநாட்டில் இருக்கும் உறுப்பினர் ஒருவரை அட்மின் ஆக்கினால் நேரம் கச்சிதமாக அமையும். பதிவை நீக்கவும் ஆளைத் தடை செய்யவும் மட்டும் அனுமதி கொடுங்கள். புது அட்மின்களைச் சேர்க்கும் அனுமதி வேண்டாம். உங்கள் கணக்கில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை (எஸ்.எம்.எஸ். கோடோடு கூடுதலாக ஒரு பாஸ்வேர்டும் கேட்கும் பூட்டு) இன்றே ஆன் செய்துவிடுங்கள். என்றாவது குரூப்பை ஒருவரிடம் ஒப்படைக்க நினைத்தால், அது ஆன் ஆகி 7 நாளாவது ஆகியிருந்தால்தான் டெலிகிராம் விடும்.