பெருமரங்களை அளப்பது எப்படி: உயரம், சுற்றளவு, கன அளவு

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் நிற்கும் இரண்டு செக்கோயா மரங்களைப் பாருங்கள். ஜெனரல் கிராண்டின் அடிச்சுற்று 32.8 மீட்டர், ஜெனரல் ஷெர்மனுக்கு 31.3 மீட்டர். தரையில் நாடாவைச் சுற்றினால் கிராண்ட்தான் பெரியது. ஆனால் தண்டின் கன அளவு ஷெர்மனுக்கு 1,487 கன மீட்டர், கிராண்டுக்கு ஏறத்தாழ 1,320. அதனால்தான் உலகின் மிகப் பெரிய மரம் என்ற பெயர் ஷெர்மனுக்குப் போனது. அதே மாநிலத்தின் கடலோரக் காட்டில் உள்ள ஹைபீரியன் என்ற ரெட்வுட், 2006-இல் அளந்தபோது 115.55 மீட்டர் இருந்தது. ஷெர்மனின் உயரமோ 84 மீட்டரைத் தொடவில்லை. எந்த அளவு, மரத்தின் எந்த இடத்தில், எந்த முறையில் எடுத்தது என்று எழுதி வைக்காத எண்ணை இன்னொரு மரத்தோடு ஒப்பிட முடியாது.

கையில் வேண்டியவை: சாய்தூரமும் (கருவியிலிருந்து இலக்கு வரை நேர்கோட்டுத் தூரம்) கோணமும் காட்டும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற தூரம் அளக்கும் கருவி, 30 மீட்டர் கண்ணாடியிழை நாடா, 2 மீட்டர் அளவுக்கோல், சைன் மதிப்பு தரும் கால்குலேட்டர், நனையாத குறிப்பேடு. துணைக்கு ஒருவராவது வேண்டும். மரம் பெருத்ததாக இருந்தால் மூன்று பேர்.

உயரம்

பிழை அதிகம் நுழைவது இங்கேதான். பள்ளியில் கற்ற முறை, மரத்தடி வரையிலான கிடைத்தூரத்தை நுனிக்கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்குவது. உச்சி அடிமரத்துக்கு நேர் மேலே இருந்தால் மட்டுமே அது சரி. பழங்காட்டு மரங்களில் அப்படி அமைவது அரிது. தண்டு சாய்ந்திருக்கும், பழைய நுனி ஒடிந்து பக்கக் கிளை மேலெழுந்திருக்கும். போதாததற்கு, விரிந்த தலை கொண்ட மரத்தில் நம் பக்கம் நீண்ட கிளைதான் கண்ணுக்கு உச்சிபோலத் தெரியும். அதனால் பிழை பெரும்பாலும் கூடுதல் பக்கமே விழுகிறது.

சைன் முறையில் இந்தச் சிக்கல் இல்லை. உச்சிக்கு நேராக லேசரைச் சுட்டு சாய்தூரம், கோணம் இரண்டையும் குறியுங்கள். அடிக்கும் அப்படியே. ஒவ்வொரு சாய்தூரத்தையும் அதன் கோணத்தின் சைனால் பெருக்கிக் கூட்டினால் உயரம் வந்துவிடும். அடிமரம் உங்கள் கண்மட்டத்துக்கு மேலே இருந்தால், அதாவது நீங்கள் சரிவின் கீழ்ப்பக்கம் நின்றால், அடியின் மதிப்பைக் கழிக்க வேண்டும்.

ஒரு கணக்கு. உச்சி 90 மீட்டரில் 43 பாகை; அடி 70 மீட்டரில் கண்மட்டத்துக்குக் கீழே 5 பாகை. 90 × 0.682 = 61.4, 70 × 0.0872 = 6.1. உயரம் 67.5 மீட்டர். இதே மரத்துக்கு டேன்ஜென்ட் முறை, அடியின் 6.1-ஐயும் சேர்த்து, 71.1 மீட்டர் தரும். உச்சி அடிமரத்தைவிட 3.9 மீட்டர் உங்கள் பக்கம் நெருங்கி இருப்பதே காரணம். நெருங்கி நின்று 60 பாகையில் பார்த்திருந்தால், அதே 3.9 மீட்டர் விலகல் 6.8 மீட்டர் பிழையாகியிருக்கும்.

கருவியின் ‘உயரம்’ பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மூன்று முறை சுடச் சொல்லும் வகை, தண்டின் கிடைத்தூரத்தை வைத்து டேன்ஜென்ட் கணக்கைத்தான் போடுகிறது. சாய்தூரம், கோணம் என்று தனித்தனியாக எடுத்து நீங்களே கணக்கிடுவது நல்லது.

உச்சியைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். தலையின் மேற்பகுதியில் ஐந்தாறு நுனிகளைச் சுட்டு, ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டு, அதிகமானதை எடுங்கள். அதிகக் கோணம் காட்டுவதே உயர்ந்த நுனி என்று கொள்ளக் கூடாது. தூரத்து நுனி குறைந்த கோணத்திலும் உயர்ந்ததாக இருக்கும். குறுக்கே உள்ள இலைகளில் லேசர் பட்டுத் திரும்பினால் தொலைவில் உள்ள இலக்குக்கு முன்னுரிமை தரும் அமைப்புக்கு மாற்றுங்கள். புதர் அடியை மறைத்தால், தண்டில் மார்பளவு உயரமான 1.37 மீட்டரில் அளவுக்கோலின் தலையைப் பிடிக்கச் சொல்லி அதைச் சுட்டு, பிறகு 1.37-ஐக் கூட்டுங்கள். கோணத்தில் கால் பாகை தவறினால் மேலே சொன்ன மரத்தில் 30 சென்டிமீட்டர் வரை மாறும். ஆகவே வேறு திசையிலிருந்தும் ஒரு முறை அளங்கள். இரண்டுக்கும் அரை மீட்டருக்கு மேல் வேறுபாடு வந்தால் ஏதோ ஒன்றில் வேறு நுனியைப் பிடித்திருக்கிறீர்கள்.

சாதனை என்று பதியத்தக்க மரங்களில் பயிற்சி பெற்றவர் ஏறி, உச்சியிலிருந்து நாடாவைத் தொங்கவிட்டு அளக்கிறார். ஹைபீரியனின் உயரம் அப்படி உறுதியானதுதான். மலேசியாவின் சபா மாநிலத்தில், டானும் பள்ளத்தாக்கில் உள்ள மெனாரா மரத்தை முதலில் காட்டியது வான்வழி லேசர். 2019 ஜனவரியில் ஒருவர் நாடாவோடு ஏறி 100.8 மீட்டர் என்று முடிவு செய்தார்.

சுற்றளவு

பரம்பிக்குளத்தின் கன்னிமரா தேக்கு போன்ற மரங்களுக்கு, இத்தனை பேர் கைகோத்தால் சுற்றலாம் என்று சொல்வதுண்டு. கேட்க இனிமை, ஆனால் கை நீளம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் மார்பளவு உயரத்தில் நாடாவால் அளக்கிறோம். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அந்த உயரம் 1.37 மீட்டர், பல நாடுகளில் 1.3 மீட்டர். எதைப் பின்பற்றினீர்கள் என்று எழுதுங்கள். சரிவில் எங்கிருந்து தொடங்குவது என்பதிலும் வழக்கம் இரண்டு. வனத்துறையினர் பொதுவாக மேட்டுப்பக்கத் தரையிலிருந்து அளப்பார்கள். அமெரிக்கப் பெருமரப் பதிவேடு, மேட்டுப்பக்கத்துக்கும் பள்ளப்பக்கத்துக்கும் நடுமட்டத்தைக் கொள்கிறது.

நாடா தண்டின் அச்சுக்குச் செங்குத்தாகச் சுற்ற வேண்டும். எங்கே ஏறி இறங்கினாலும் அளவு கூடும், குறையாது. பின்பக்கம் யாராவது நின்று நாடா தொய்ந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். கொடிகளை அறுக்காமல் அவற்றின் அடியில் நாடாவை நுழைத்துச் செலுத்துங்கள். நாடாவை நிறுத்த மரத்தில் ஆணி அடிக்கவே வேண்டாம்.

போர்னியோவின் பெருமரங்களிலும் நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் வெடிப்பலாவிலும் பலகை வேர், அதாவது அடித்தண்டிலிருந்து பலகைபோல் விரியும் வேர், இருக்கும். அதைச் சேர்த்துச் சுற்றினால் வேர்களுக்கு இடையிலுள்ள காற்றையும் சேர்த்து அளக்கிறோம். பலகை வேர் முடியும் இடத்துக்கு 50 சென்டிமீட்டர் மேலே அளந்து, அந்த இடத்தின் உயரத்தையும் குறியுங்கள். இரண்டு மரம் ஒட்டி வளர்ந்ததா என்ற ஐயம் வந்தால், இரு தண்டுகளின் நடு அச்சையும் மனத்தால் கீழே நீட்டிப் பாருங்கள். தரைக்குக் கீழே சந்தித்தால் அவை இரண்டு மரங்கள். ஒன்றாகச் சேர்த்து அளக்கக் கூடாது.

ஒப்பிடுதல்

அமெரிக்கப் பதிவேட்டின் புள்ளிக் கணக்கு எளிது: அங்குலத்தில் சுற்றளவு, அடியில் உயரம், அடியில் சராசரித் தலைவிரிவின் கால் பங்கு, மூன்றின் கூட்டுத்தொகை. தலைவிரிவுக்கு, மிக அகலமான திசையையும் அதற்குக் குறுக்குத் திசையையும் அளந்து சராசரி எடுத்தால் போதும். 240 அங்குலச் சுற்றளவு, 200 அடி உயரம், 80 அடி விரிவு என்றால் 460 புள்ளி. இதில் சுற்றளவின் கை மிக ஓங்கியிருக்கிறது. நாடா 10 சென்டிமீட்டர் தவறினால் ஏறத்தாழ நான்கு புள்ளி போகும். உயரத்தில் ஒரு மீட்டர் தவறினாலும் 3.3 தான். எனவே அடி பெருத்த மரங்களை ஒப்பிட இந்தப் புள்ளி மட்டும் போதாது என்பதே எங்கள் கருத்து.

கன அளவுதான் நேர்மையான ஒப்பீடு, உழைப்பும் அதிகம். தண்டைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நுனி வெட்டிய கூம்பாகக் கொள்ளுங்கள். கீழ் விட்டத்தின் இருமடி, மேல் விட்டத்தின் இருமடி, இரண்டின் பெருக்கல் ஆகிய மூன்றையும் கூட்டி, துண்டின் நீளத்தாலும் 0.2618-ஆலும் பெருக்க வேண்டும். 5 மீட்டர் துண்டு, கீழே 3.0, மேலே 2.6 மீட்டர் என்றால் 30.8 கன மீட்டர். அடியில் தண்டு வேகமாக ஒடுங்குவதால் அங்கே ஒரு மீட்டருக்கு ஒரு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலே போகப்போக ஐந்து மீட்டர் போதும். கிளைகளைச் சேர்த்தீர்களா, விட்டீர்களா என்பதையும், தீப்பட்ட பொந்துகளைக் கழித்தீர்களா என்பதையும் எழுதுங்கள்.

குறிப்பேட்டில் தேதி, கருவி, நின்ற இடங்கள், ஒவ்வொரு சாய்தூரம், கோணம் எல்லாம் இருக்கட்டும். விடை மட்டும் இருந்தால் அடுத்தவர் சரிபார்க்க வழியில்லை. இருப்பிடத்தை மட்டும் வெளியிடாதீர்கள். ஹைபீரியனைத் தேடி வந்தவர்களின் காலடியில் அதைச் சுற்றியிருந்த மண்ணும் செடிகளும் சிதைந்ததால், 2022-இல் அந்தப் பகுதியையே மூடவேண்டி வந்தது. துல்லியமான ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) வனத்துறையிடம் கொடுங்கள்; மற்றவர்களுக்குக் காட்டின் பெயர் போதும்.