படைப்பணி முடிந்து காக்பிட்டுக்குத் திரும்பும் விமானிகள் மறுபயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பயணிகள் விமானம் ஓட்டுகிறவர்களில் கணிசமானோர் ஒரே சமயத்தில் இரண்டு பணிகளில் இருக்கிறார்கள். மாதத்தின் பெரும்பகுதி விமான நிறுவனத்தில் கழியும். மற்ற நாள்களில் விமானப் படையின் ரிசர்வ் என்னும் இருப்புப் படையிலோ, மாநிலத்தின் ஏர் நேஷனல் கார்டு என்னும் பகுதிநேர விமானப் படையிலோ சீருடை மாற்றிக்கொள்வார்கள். இந்தியாவில் படையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகே ஒருவர் பயணிகள் விமானத்துக்கு வருவது வழக்கம் என்பதால், இந்த ஏற்பாடு நம்மவர்களுக்குப் புதிதாகத் தோன்றலாம். படை அழைத்தால் அவர்கள் ராணுவ விடுப்பில் சில வாரங்களுக்கோ, ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கோ சென்றுவிடுகிறார்கள். நீண்ட விடுப்புக்குப் பின் திரும்புகிறவர், சிமுலேட்டர் பயிற்சியையும் தேர்வையும் முடித்த பிறகே மீண்டும் பயணிகளை ஏற்றிச் செல்லலாம். அப்படித் திரும்புகிறவர்களுக்குச் சிமுலேட்டரில் பயிற்சி அளிப்பது என் வேலை.

உரிமத்தைப் புதுப்பிக்காமல் வருவது, அடையாள அட்டை காலாவதியாவது போன்ற, யாரும் சொல்லாமலே தெரியக்கூடிய பிழைகளை விட்டுவிடுகிறேன். நாங்கள் படையிலிருந்து திரும்பிய காலத்தில் எங்கள் வகுப்பறைகளில் நடந்த அதே தவறுகள், இன்று திரும்புகிற இளையவர்களிடமும் சற்றும் மாறாமல் தொடர்வதைப் பார்க்கும் வருத்தத்தில்தான் எழுதுகிறேன். அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டம் வேலையைத் தரும், தகுதியைத் தராது

படைப்பணிக்குச் சென்றவரின் வேலையைக் காக்க 1994-இல் இயற்றப்பட்ட சட்டத்தை எல்லோரும் யூசெரா என்றே அழைக்கிறார்கள். ஒரே நிறுவனத்தில் மொத்தம் 5 ஆண்டு வரையிலான படைப்பணிக்கு, சில விதிவிலக்குகளோடு, அது பாதுகாப்பு அளிக்கிறது. 31 முதல் 180 நாள் வரை பணியாற்றியவர் 14 நாளுக்குள்ளும், அதற்கு மேல் பணியாற்றியவர் 90 நாளுக்குள்ளும் திரும்பிவர விண்ணப்பிக்க வேண்டும். விடுப்புக் காலத்திலும் அவருடைய பணிமூப்பு ஏறிக்கொண்டே இருக்கும்; அவர் மீண்டும் தகுதி பெறுவதற்கு நிறுவனம் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இவ்வளவையும் விரல் நுனியில் வைத்திருப்பவர்களே, அந்த 90 நாளைப் படிப்பதற்கான அவகாசமாகக் கருதாமல், வீடு வந்த வாரமே பயிற்சித் தேதி கேட்டு வாங்கிவிடுகிறார்கள். நேர மண்டலங்கள் பல கடந்து வந்த களைப்பு தீருவதற்குள், குடும்பத்தோடு நாலு நாள் சேர்ந்து இருப்பதற்குள், கையேட்டைத் திறப்பதற்குள் அவர்கள் சிமுலேட்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளம் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் தயாராகாமல் வந்து ஒரு தேர்வில் தவறினால், மிச்சப்படுத்திய நாள்களைவிட அதிகமான நாள்கள் கூடுதல் பயிற்சியில் போய்விடும்.

படையில் செய்த இறக்கங்களைக் கணக்கில் சேர்ப்பது

சேராது. கடந்த 90 நாளுக்குள் மூன்று முறை மேலெழும்பி இறங்கியிருக்க வேண்டும் என்ற விதி, நிறுவனத்தில் நீங்கள் ஓட்டப்போகும் அதே வகை விமானத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறது.

தனியாக முடிவெடுக்கும் கை

இதைப் பற்றித்தான் நீளமாகச் சொல்ல வேண்டும்.

எஃப்-16 போர் விமானத்துக்கு ஒரே என்ஜின். பெரும்பாலும் ஒரே இருக்கை. அந்த என்ஜின் நின்றால், வேகத்தை உயரமாக மாற்றுவது, மீண்டும் இயக்க முயல்வது, முடியாவிட்டால் வெளியே குதிப்பது ஆகிய எல்லாவற்றையும் ஒருவரே சில நொடிகளில் தீர்மானிக்க வேண்டும். அதற்கான படிகளை அமெரிக்க விமானப் படையில் போல்ட்ஃபேஸ் என்பார்கள். கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கும் அந்த வரிகளை ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பிக்கவும் எழுதிக் காட்டவும் வேண்டும். கேள்வி கேட்காமல், காத்திருக்காமல் கை இயங்குவதற்காகவே அந்தப் பயிற்சி; அங்கே அது உயிரைக் காக்கிறது. இரண்டு என்ஜின்களும் இரண்டு விமானிகளும் கொண்ட பயணிகள் விமானத்தில் அதே வேகம் எல்லோரையும் கொன்றுவிடக் கூடும்.

சிமுலேட்டரில், வி1 என்னும் வேகத்தைத் தாண்டியதும் ஒரு என்ஜினை நிறுத்துவோம். வி1-ஐத் தாண்டிய பிறகு ஓடுபாதையிலேயே நிற்க முயலக் கூடாது. மேலெழும்பித்தான் ஆக வேண்டும். விமானம் நின்றுபோன என்ஜினின் பக்கமாகத் திரும்ப முயலும். எதிர்ப் பக்க ரடர் பெடலை மிதித்து அதை நேராகப் பிடித்து, மூக்கை உயர்த்தி, ஏறத் தொடங்கியதும் சக்கரங்களை உள்ளிழுத்து, குறைந்தது 400 அடி உயரம் வரை வேறு எதையும் தொடாமல் ஏற வேண்டும் என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் நடைமுறை. அதன் பிறகு, கண்காணிக்கும் விமானி அளவுமானிகளைப் பார்த்து எந்த என்ஜின் என்று சொல்வார். ஓட்டும் விமானி அதற்குரிய செக்லிஸ்டைக் கேட்பார். என்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரின் மேல் ஒருவர் கையை வைத்து, இதுதானா என்று கேட்டு, மற்றவர் கண்ணால் பார்த்து உறுதி சொன்ன பிறகே அந்த லீவர் பின்னால் வரும். எரிபொருளை அடைக்கும் லீவருக்கும், தீயணைப்புக் கைப்பிடிக்கும் அதே கேள்வியும் அதே பதிலும் தனித்தனியாக மீண்டும் நடக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் போர் விமானப் பிரிவிலிருந்து திரும்பிய ஒருவர் என்னிடம் பயிற்சிக்கு வந்தார். விமானத்தைக் கையால் பிடித்து ஓட்டுவதில் அவருக்கு நிகராக அந்த மாதம் யாரும் வரவில்லை. இடது என்ஜினை நிறுத்தினேன். இருநூறு அடியைத் தாண்டுவதற்குள், பக்கத்தில் இருந்தவர் வாய் திறப்பதற்கு முன்னால், லீவர் பின்னால் இழுக்கப்பட்டிருந்தது. அன்று அவர் இழுத்தது சரியான லீவர்தான். பயிற்சி முடிந்ததும் நான் இதை எடுத்துச் சொன்னபோது, "சரியான என்ஜினைத்தானே நிறுத்தினேன்?" என்று கேட்டார். கேள்வியில் ஆணவம் எதுவும் இல்லை. உண்மையாகவே அவருக்கு என் கவலை விளங்கவில்லை. மறுமுறையும் செய்து பார்த்தோம், ஓரளவு காத்திருந்தார். அதற்குப் பின் நடந்த தேர்வில், தேர்வு நடத்தும் விமானியான வேறொரு செக் பைலட்டின் முன்னால், வலது என்ஜின் நின்றது. அவருடைய கை இடது லீவருக்குப் போனது.

"சரியான என்ஜினைத்தானே" என்ற அந்தப் பதிலை வேறு வேறு வாய்களிலிருந்து இன்றும் கேட்கிறேன். கேட்கும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது. என்ஜின் சரியாக இருந்ததா என்பது அங்கே கேள்வியே அல்ல. இரண்டாவது ஜோடிக் கண்கள் பார்ப்பதற்கு முன் கை நகர்ந்ததா என்பதே கேள்வி.

இதற்குச் சான்று தேடிச் சிமுலேட்டருக்குள் போக வேண்டியதில்லை. 1989 ஜனவரி 8 அன்று, லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் சென்ற பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400 விமானத்தில் இடது என்ஜினின் விசிறித் தகடு உடைந்தது. விமானிகள் நல்ல நிலையில் இருந்த வலது என்ஜினை நிறுத்தினார்கள். கெக்வொர்த் கிராமத்தின் அருகே நெடுஞ்சாலைக் கரையில் விமானம் விழுந்து 47 பேர் இறந்தனர். 2015 பிப்ரவரி 4 அன்று தைப்பேயில் மேலெழும்பிய டிரான்ஸ் ஏசியா நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72 விமானத்தில், இரண்டாம் எண் என்ஜினின் சுழலி தானாகவே விசையிழந்த நிலைக்குப் போனது. கேப்டன், எந்த என்ஜின் என்பதை இருவருமாக உறுதிசெய்யும் படி முடிவதற்கு முன்பே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் எண் என்ஜினின் விசையைக் குறைத்தார். பிறகு அது நிறுத்தப்பட்டது. விமானம் கீலுங் ஆற்றில் விழுந்தது. அதில் இருந்த 58 பேரில் 43 பேர் உயிரிழந்தனர்.

இத்தனைக்கும், காத்திருப்பதால் இழப்பு எதுவும் இல்லை. மேலெழும்பும்போது ஒரு என்ஜின் நின்றாலும் மற்றொன்றைக் கொண்டு பாதுகாப்பாக ஏற முடியும் என்று நிரூபித்த பிறகே இத்தகைய விமானத்துக்குச் சான்று வழங்கப்படுகிறது. அதன் வடிவமைப்பிலேயே அந்த அவகாசம் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதை விமானி வேண்டாம் என்று தள்ளுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தேர்வில் தவறுவதன் விலையும் முன்போல் இல்லை. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்தில் 50 பேர் இறந்தனர். அதற்குப் பின் 2010-இல் வந்த சட்டம், விமானிகளின் பயிற்சி, தேர்வு விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஒரு தேசியப் பதிவேட்டை உருவாக்கச் சொன்னது. அந்தப் பதிவேடு இப்போது நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் பின்னாளில் வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால், உங்கள் தோல்வி அவர்கள் மேசையில் இருக்கும்.

சி-17, கேசி-135 போன்ற பெரிய விமானங்களை ஓட்டியவர்கள் இதிலிருந்து தப்பிவிடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். இருவராகப் பறக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. ஆனால் ஒரே படைப்பிரிவில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பறந்தவர்களுக்கு இடையில், பாதிச் சொற்கள் சொல்லாமலே புரிந்துவிடும். நிறுவனத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவரை அன்று காலையில்தான் முதன்முதலாகச் சந்தித்திருப்பார்கள். அங்கே சொல்லாத சொல் சொல்லாததுதான்.

இதைச் சரிசெய்யப் பயிற்சி மையத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். காக்பிட்டின் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். வீட்டில் ஒருவரைக் கண்காணிக்கும் விமானியின் வரிகளை வாசிக்கச் சொல்லி, உங்கள் வரிகளை வாய்விட்டுச் சொல்லுங்கள். வி1 என்ற சொல் கேட்டதும் த்ரஸ்ட் லீவரிலிருந்து எடுக்கும் கை, போயிங்கில் கட்டுப்பாட்டுத் தண்டுக்குப் போகட்டும். ஏர்பஸ்ஸில் முழங்காலுக்குப் போகட்டும். 400 அடி என்று வாசிக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது. நாவும் கையும் சேர்ந்து பழக வேண்டும்.

பழைய குறிப்புகளை நம்புவது

விடுப்புக்கு முன் எழுதி வைத்த குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது, அந்தக் குறிப்புகளின் அழகும் ஒழுங்கும் எனக்குக் கவலையையே தருகின்றன; நன்றாக எழுதப்பட்டிருப்பதாலேயே அவை நம்பப்படுகின்றன. 2019 மார்ச்சில் பறப்பதிலிருந்து நிறுத்தப்பட்ட போயிங் 737 மேக்ஸ், 2020 நவம்பரில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதை ஓட்டுவதற்கு முன் சிமுலேட்டர் அமர்வு உட்பட ஒரு சிறப்புப் பயிற்சி கட்டாயமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் படையில் இருந்து திரும்பியவருக்கு, பழகிய விமானமே புதிய நடைமுறைகளோடு காத்திருந்தது. 2019 மார்ச் முதல், இறக்கைகள் தாங்குவிசையை இழக்கும் முழுமையான ஸ்டால் நிலையிலிருந்து மீள்வதையும் சிமுலேட்டரில் பயிற்றுவிக்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் முந்தைய தலைமுறைக்கு, உயரத்தை இழக்காமல் முழு விசை கொடுத்து மீள்வதே நல்ல விமானியின் அடையாளம் என்று சொல்லித்தரப்பட்டது. இப்போது முதல் வேலை மூக்கைத் தாழ்த்துவது, விசை அதற்குப் பிறகு. பழைய குறிப்பேட்டில் பழைய பாடம்தான் இருக்கும். நிறுவனம் இன்று நடைமுறையில் வைத்திருக்கும் கையேட்டை இறக்கிக்கொண்டு, அதன் திருத்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.

புதிய விமானமும் கேப்டன் இருக்கையும் ஒரே நேரத்தில்

விடுப்பில் இருந்தபோது பணிமூப்பு ஏறியதால், திரும்பும்போது கேப்டன் பதவிக்கான வாய்ப்பு காத்திருக்கலாம். அந்த உரிமையை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின், அதுவரை ஓட்டியிராத வகை விமானத்தில், அதுவரை அமர்ந்திராத இருக்கையில் ஒருவர் பயிற்சியைத் தொடங்குவது, மூன்று சுமைகளை ஒரே தலையில் ஏற்றுவது. பழகிய விமானத்தில், பழகிய இருக்கையில் சில மாதம் பறந்துவிட்டுப் பதவி உயர்வுக்குப் போகும் வழி இருக்கிறதா, அதனால் உரிமை குறையாமல் இருக்குமா என்பதை, விமானிகள் சங்கத்தில் படைப்பணி விவகாரங்களைக் கவனிப்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

படைக் கதைகள்

உணவு இடைவேளையில் சொல்லலாம். தேர்வுக்கு முந்தைய கேள்வி நேரத்தில் வேண்டாம்.

மருத்துவப் படிவத்தில் விடுபடும் ஒரு கேள்வி

படைப்பணியில் ஏற்பட்ட காது, முதுகு, தூக்கம் தொடர்பான குறைகளுக்காக முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் உதவித்தொகை பெறுகிறவர்கள் பலர். எஃப்.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க வான்போக்குவரத்து ஆணையத்தின் மருத்துவப் படிவம், அத்தகைய உதவித்தொகை பெறுகிறீர்களா என்று நேரடியாகவே கேட்கிறது. ஒரு துறைக்குச் சொன்னது இன்னொரு துறைக்குத் தெரியாது என்று எண்ணி அந்த இடத்தில் இல்லை என்று குறித்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 2023-இல் பல ஆயிரம் விமானிகளின் விவரங்களை இரு துறைகளின் பதிவுகளோடும் ஒப்பிட்டு ஆணையம் ஆராய்ந்தது. குறை சிறியதாக இருந்தாலும், மறைத்தது பெரிய குற்றமாகிவிடும். விமானிகளைப் பரிசோதிக்கும் அனுபவமுள்ள மருத்துவரிடம் படிவத்தை நிரப்புவதற்கு முன்பே பேசுங்கள்.

தேர்வு முடிந்ததும் பேசாமல் இருப்பது

தகுதி பெற்று வழக்கமான சேவைக்குத் திரும்பிய முதல் வாரங்களில் பலரும் செய்வது இது. ஒரு வகை விமானத்தில் 100 மணி நேரத்துக்கும் குறைவாகப் பறந்த துணை விமானியை விதி பாதுகாக்கிறது: பனியோ நீரோ படர்ந்த ஓடுபாதை, 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்துக்கு மேலான பக்கக் காற்று, மங்கிய பார்வைத் தொலைவு போன்ற சூழ்நிலைகளில் கேப்டனே மேலெழும்பி இறக்க வேண்டும். ஆனால் அந்த 100 மணி நேரத்தை ஒருவர் எப்போது பறந்தார் என்று விதி கேட்பதில்லை. மூன்று ஆண்டுக்கு முன் அதைக் கடந்துவிட்டு, போன வாரம் திரும்பி வந்தவர், ஏட்டின்படி அனுபவசாலி. அவர் கைக்கு அந்த விமானம் இன்னும் பழகவில்லை என்பது கேப்டனுக்குத் தெரிய, அவரே சொன்னாலன்றி வேறு வழியில்லை. எனவே விமானத்தில் ஏறுவதற்கு முன் நடக்கும் கலந்துரையாடலில், எத்தனை மாதம் விலகியிருந்தீர்கள், திரும்பிய பிறகு எத்தனை முறை இறக்கியிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்; சிகாகோவில் பனிக் காற்று வீசும் இரவாக இருந்தால், இன்றைய இறக்கத்தை நீங்களே செய்யுங்கள் என்று கேப்டனிடம் கேளுங்கள்.