செட்டிநாட்டு வீட்டு கார் ஷெட்டில் சாமான் அடுக்குவது எப்படி?

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஷெட் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை பூசியது. அதில் ஆங்கர் போல்ட் அடித்துக் கனமான பலகை மாட்டாதீர்கள். காரை பொரிந்து போல்ட் ஆடிவிடும். தனியாக நிற்கும் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்தான் (துளை போட்ட இரும்புச் சட்டங்களைப் போல்ட்டால் இணைப்பது) சரி: 6 அடி உயரம், 3 அடி அகலம், 15 அங்குல ஆழம், 5 தட்டு.

ரேக்கின் போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் திருகுங்கள். ரசமட்டம் பார்த்த பிறகே ஸ்பேனர். மூலைத் தகடுகளை விட்டுவிட்டால் சுமை ஏறியதும் ரேக் பக்கவாட்டில் சாயும்.

ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் சிமென்ட் டைல்) தரையா? கால்களுக்கு ரப்பர் புஷ் கட்டாயம். துருக்கறை அந்தக் கல்லில் ஊறினால் லேசில் போகாது. சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி வையுங்கள், கரையான் மண்கோடு உடனே கண்ணில் படும். அட்டைப்பெட்டி வேண்டவே வேண்டாம், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். பித்தளை அண்டா, ஜாக்கி அடித்தட்டில்.