டபுள் டிராகன் 2: ரெண்டு பேரும் சேர்ந்து கடைசி மிஷன் வரை போக

டபுள் டிராகன் என்ற அடிதடி வீடியோ கேமின் முதல் பாகம் டிவி கேமில் வந்தபோது, கதை ஆட்டத்தை ஒருவர் மாற்றி ஒருவராகத்தான் ஆட முடிந்தது. அண்ணன் தம்பி கதையில் ரெண்டு பேரும் ஒன்றாக நின்று அடிக்க முடியாதது பெரிய குறை. 1988-இல் ஆர்கேடில் (காசு போட்டு ஆடும் கடை இயந்திரத்தில்) வந்த இரண்டாம் பாகம் 1989 கடைசியில் நின்டெண்டோவின் டிவி கேம் கன்சோலான ஃபேமிகாமுக்கு வந்தபோது அந்தக் குறை தீர்ந்தது. பில்லியும் ஜிம்மியும் ஒரே திரையில் நிற்பார்கள். ஆட்டத்தின் முழு ருசியும் அதில்தான் இருக்கிறது.

முதலில் கேசட்டைப் பாருங்கள். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரி கடலோர வீடுகளில் பரணில் கிடந்த கேசட்டின் பின்கள் பச்சை பிடித்திருக்கும். உப்புக் காற்றும் ஈரமும் செம்பில் செய்கிற வேலை அது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, அதனால் ஈரம் காய இடைவெளியே குறைவு. வாயால் ஊதாதீர்கள்; எச்சில் ஈரம் அரிப்பைக் கூட்டத்தான் செய்யும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காது பஞ்சுக் குச்சியில் தொட்டு, பின்களின் நீளவாக்கில் பைய தேயுங்கள். பஞ்சு கறுக்காமல் வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிஷம் உலரட்டும். கை கழுவும் சானிட்டைசர் ஜெல் வேண்டாம், பிசுக்கு தங்கிவிடும். பின்கள் பளபளவென்று ஆன பிறகும் திரை கட்டம் கட்டமாகக் கலைந்தால், கன்சோலில் இருக்கும் 60 பின் சாக்கெட் தளர்ந்திருக்கலாம். கன்சோலை அணைத்துவிட்டு, கேசட்டை நாலைந்து தடவை நேராகச் செருகி எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது ஜாய்ஸ்டிக். மற்ற ஆட்டங்களில் பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தாலும் ஓட்டிவிடலாம். இதில் முடியாது, ஏனென்றால் குதிக்க ஏ, பி பட்டன்கள் ரெண்டும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும். ஒன்று பதிந்து மற்றது பதியாவிட்டால் குதிப்பதற்குப் பதில் நின்ற இடத்திலேயே ஒரு அடிதான் விழும். பள்ளத்தின் ஓரத்தில் அதனால் ஒரு உயிர் போகும். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, ரப்பரின் கறுப்பு முனையையும் போர்டில் அது தொடும் இடத்தையும் அதே ஆல்கஹாலால் துடையுங்கள். போர்டில் கறுப்பாக இருப்பது கார்பன் பூச்சு. பிளேடால் சுரண்டினால் அந்த பட்டன் பிறகு வேலை செய்யாது. டர்போ பட்டன்களைத் தொடாதீர்கள். அவை விட்டு விட்டு அடிப்பதால் ரெண்டும் ஒன்றுசேர்ந்து பதிவது தவறும்.

புதிய எல்இடி டிவியில் ஆடினால் கேம் மோடை இயக்குங்கள். படம் தாமதமானால் கீழே சொல்லும் உதைகள் எதுவும் கைகூடாது. குழாய் டிவி இருந்தால் அதுவே மேல்.

அடிக்கும் முறைதான் பலரைக் குழப்புகிறது. இங்கே ஏ குத்து, பி உதை என்று இல்லை. பட்டன்கள் திசையைச் சொல்கின்றன: ஏ வலப்பக்கம் அடிக்கும், பி இடப்பக்கம் அடிக்கும். முகம் வலப்பக்கம் இருந்தால் ஏ குத்து, பி பின்னால் உதை. முகம் திரும்பினால் எல்லாம் மாறும். ஜாய்ஸ்டிக்கிலும் ஏ வலப்பக்கம்தான் இருக்கிறது, ஆகவே ஆள் நிற்கும் பக்கத்துப் பட்டனை அழுத்துகிறோம் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும்.

சுழல் உதைக்கு ஏ, பி சேர்த்துக் குதித்து, உச்சியில் மறுபடி ரெண்டையும் அழுத்துங்கள். கட்டை விரலைக் குறுக்கே படுக்கவைத்து, நுனி ஒன்றிலும் மடிப்பு மற்றதிலுமாக வைத்தால் தவறாது. சுற்றி வளைத்தவர்களை ஒரே சுற்றில் விழவைக்கும். இதைவிடப் பலமான ரெண்டு அடிகள் குனிந்த நிலையில் இருக்கின்றன. குதித்துத் தரையிறங்கும்போதும், விழுந்து எழும்போதும் ஆள் ஒரு கணம் குனிந்திருப்பான். அந்தக் கணத்தில் முகம் பார்க்கும் பக்கத்துப் பட்டன் ஹைப்பர் அப்பர்கட். திசையோடு ரெண்டு பட்டனும் சேர்ந்தால் பறக்கும் முழங்கால் உதை. நேரம் மிகக் குறைவு. முன்கூட்டியே அழுத்தினால் இந்த அடி வராது. முழங்கால் பட்டவன் திரைக்குக் குறுக்கே பறப்பான். அதனால் விளிம்போரத்தில் நிற்பவனுக்கு இதுவே போதும்.

தொடங்கும்போது ‘2 பிளேயர் ஏ’ எடுத்தால் நம் அடி கூட்டாளி மேல் படாது. ‘பி’யில் படும். புதிதாக ஆடும் ஜோடி ஏ-யில் தொடங்குவதே சரி. ஆனால் கை பழகிய பிறகு பி-தான் ஆட்டம். பி-யில் ஒருவர் இடப்பாதி, ஒருவர் வலப்பாதி என்று திரையைப் பிரித்துக்கொள்ளுங்கள். சுழல் உதைக்கு முன் “மக்கா, தள்ளு” என்று ஒரு குரல் கொடுங்கள். சொல்லாமல் சுற்றினால் முதலில் விழுவது அவன்தான்.

மிஷன் 3 ஹெலிகாப்டருக்குள் நடக்கும். கதவு அவ்வப்போது திறந்து, பக்கத்தில் நிற்பவரை வெளியே இழுத்துவிடும். திறந்ததும் அடிப்பதை விட்டுவிட்டு கதவுக்கு எதிர்த்திசையை அழுத்திப் பிடியுங்கள். எதிரிக்கும் அதே கதிதான், ஆகவே அவனைக் கதவருகே நிறுத்தி வைப்பது நல்ல தந்திரம். மிஷன் 6-இல் சண்டையைவிடக் குதிப்புகளே உயிரைக் குடிக்கும். ஒருவர் தாண்டி நின்ற பிறகு மற்றவர் குதிக்கட்டும். மிஷன் 8-இல் உங்கள் நிழல்களே எதிரியாக வரும்.

கடினத்தையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஆங்கில கேசட்டில் பிராக்டிஸ் எடுத்தால் மிஷன் 3-உடன் ஆட்டம் முடிந்துவிடும். வாரியர் 8 வரை போகும். ஒன்பதாவது மிஷனும், பில்லியின் காதலி மரியன் திரும்பி வரும் முடிவும் சுப்ரீம் மாஸ்டரில் மட்டுமே கிடைக்கும்.