இரைச்சல் இசைக் குழுவாக மலையேறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் குன்னூரில் ஒரு சின்ன அரங்கம். கோவையிலிருந்து ஒரே வேனில் வந்த நான்கு இளைஞர்கள் வாசிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ராகம் தாளமில்லாமல் இரைச்சலையே இசையாக வாசிப்பவர்கள். மேசை நிறைய சிந்தசைசர், ஒலியை மாற்றும் பெடல்கள், அதிர்வைப் பிடிக்கும் காண்டாக்ட் மைக் ஒட்டிய தகரத் தட்டு. மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன், வயிறு கலங்கியது. பிளக்குகளில் எர்த் பின் இல்லை. ஒரு காலத்தில் நான் செய்த அதே கோமாளித்தனம். கேபிளை மறப்பது, பேட்டரி தீர்ந்துபோவது போன்றவற்றை எழுத மாட்டேன்; ஒரு முறை பட்டால் தானாக வரும் புத்தி அது.

எர்த் பின்னைக் கழற்றிவிடுவது

நான்கு பேரும் நான்கு சுவர்களில் பிளக்கைச் சொருகி, எல்லாவற்றையும் ஒரே மிக்சரில் இணைத்தால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் கிளம்பும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான் அது. ஒவ்வொரு பிளக்கின் எர்த்துக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கும்; ஆடியோ கேபிளுக்குள் இருக்கும் உலோக உறை அவற்றைக் கோத்து வளையமாக்கிவிடும். மூன்றாவது பின்னை, அதாவது எர்த்தை, தவிர்த்தால் சத்தம் சட்டென்று நின்றுவிடும். அந்த ‘சட்டென்று’தான் ஆளை ஏமாற்றுகிறது.

கோத்தகிரியில் ஒரு பழைய பங்களாவில் நானும் இரண்டு பின் கன்வெர்ட்டரைப் போட்டேன். வெளியே மழை, தரையெல்லாம் ஈரச் செருப்புத் தடம். ரீங்காரம் நின்றதில் பெருமை வேறு. மூன்று பின் அடாப்டர்கள் பலவற்றில் மின்கம்பியை எர்த்தோடு இணைக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் அவை கருவியின் உடம்பை 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் மிதக்கவிடும். மின்னோட்டம் மிகச் சிறியது; தொட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் நான் ஆர்சிஏ கேபிளை அப்படியே சொருகினேன். அந்த வகைக் கேபிளில் உறைக்கு முன்னால் ஒலி போகும் நடு ஊசிதான் முதலில் தொடும். ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் பெட்டியான நண்பருடைய ஆடியோ இன்டர்ஃபேஸ் அத்தோடு போயிற்று. மற்ற மூவரின் ஒலியும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். கருவி என்னுடையது, ஊமையானது நான்கு பேரும். புதிது வாங்கிக் கொடுக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

அதுகூடப் பணத்தோடு போனது. உள்ளே ஒரு வயர் நழுவிக் கருவியின் உடம்பில் பட்டால், எர்த் இருக்கும்போது ஃபியூஸ் போகும். இல்லாதபோது அந்த மின்சாரம் பக்கத்தில் நிற்பவரின் கேபிள், அவர் கை, ஈரத் தரை என்று வழி தேடிக்கொள்ளும்.

மாற்று எளிது. இந்தக் கருவிகள் இழுக்கும் மின்சாரம் குறைவு. எல்லாரும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எடுங்கள். அதற்குப் பிறகும் ரீங்காரம் இருந்தால் கருவிக்கும் மிக்சருக்கும் நடுவே வைக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது ஆடியோ உறையை மட்டுமே துண்டிக்கும், மின் எர்த்தைத் தொடாது.

“இரைச்சல்தானே வாசிக்கிறோம் அண்ணா, இரண்டு நிமிஷம்தான்” என்றான் குன்னூரில் வாசிக்க வந்த தம்பி ஒருவன். ரீங்காரமே இருக்கட்டும், தம்பி. எர்த்தோடு இருக்கட்டும்.

பெட்டியைத் திறந்ததும் சுருதி சேர்ப்பது

சிந்தசைசரில் ஒலியை உண்டாக்கும் அனலாக் ஆஸிலேட்டரின் சுருதி வெப்பத்துக்கேற்ப நகரும். மேட்டுப்பாளையத்து வெயிலில் கிளம்பி, 2,200 மீட்டர் உயரத்து ஊட்டியில் இறங்குகிறீர்கள். கருவியை ஆன் செய்து அரை மணி நேரம் விட்டுவிட்டுத் தேநீர் குடியுங்கள். பனியில் நனைந்து குளிர்ந்த பெட்டியை ஆட்கள் நிறைந்த அறைக்குள் திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஆன் செய்வதற்கு முன் கொஞ்ச நேரம் மூடியே வையுங்கள்.

இ-பாஸ்

வெளியூர் வேனா? நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

திறந்தவெளியில் ஒலிபெருக்கி

இரவு 10 மணிக்கு நிறுத்துங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி.

முதலில் வாசிப்பவர் முதலில் சவுண்ட் செக் செய்வது

தலைகீழாகச் செய்யுங்கள். கடைசியில் வாசிப்பவர் முதலில் பார்த்துவிட்டு ஒதுங்கட்டும். முதலில் வாசிப்பவர் கடைசியில் பார்த்தால், வைத்தது வைத்தபடி இருக்கும். திரை விலகியதும் தொடங்கலாம்.