அல்ஜீரிய சகாராவில் வழிகாட்டியுடன் வண்டி ஓட்டுவது எப்படி? முதன்முறை செல்வோருக்கான செய்முறை

சூடான் 2011இல் இரண்டாகப் பிரிந்ததிலிருந்து ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய நாடு அல்ஜீரியாதான். அதன் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் சகாரா. 2003இல் ஐரோப்பியப் பயணிகள் 32 பேர் அங்கே கடத்தப்பட்ட பிறகு, தெற்குப் பாலைவனத்துக்குள் வெளிநாட்டவர் தனியாக வண்டி ஓட்டிச் செல்ல வழியில்லை. அனுமதி பெற்ற முகவர் நிறுவனம் அனுப்பும் வழிகாட்டி உடன் இருந்தாக வேண்டும். இதைச் சிலர் தண்டச் செலவாக நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், முதல் மணல்மேட்டில் அச்சு வரை புதையும் வரை. துனிசியா வழியாக நுழைந்து, தென்கிழக்கு மூலையில் உள்ள ஜானெத் வரை சொந்த நான்கு சக்கர இயக்க வண்டியில் செல்வதை அடிப்படையாக வைத்தே இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

படி 1: பருவமும் தாள்களும்

நவம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை ஏற்ற காலம். அதற்குப் பிறகு மணற்காற்றும், தொடர்ந்து வெயிலும் வாட்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் உறைநிலையை நெருங்குவதால், பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு போய்விடாதீர்கள்.

மொராக்கோவுடனான நில எல்லை 1994 முதல் மூடிக் கிடக்கிறது. ஆகவே மார்சேயிலிருந்து அல்ஜியர்ஸுக்குக் கப்பலேற வேண்டும், இல்லையென்றால் துனிசியாவின் நெஃப்தாவைத் தாண்டி, ஹஸுவா எல்லை வழியாக எல் உவேதுக்குச் செல்ல வேண்டும். தெற்குப் பாலைவனத்துக்கு முகவர் மூலம் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு வந்திறங்கியதும் விசா வழங்கும் முறை 2023 ஜனவரியில் அறிமுகமானது என்றாலும், நிலவழியில் வருபவர்கள் முகவர் அனுப்பும் அழைப்புக் கடிதத்தைக் காட்டித் தூதரகத்திலேயே விசா வாங்கிவிடுவது நிம்மதி. வண்டியின் பதிவுச் சான்று உங்கள் பெயரில் இருக்கட்டும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் அனுமதி ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சுங்கத்தில் கண்டுபிடித்தால் பறிமுதல்தான்.

எல்லையில் வண்டிக்கான தற்காலிக இறக்குமதித் தாளையும் உள்ளூர்க் காப்பீட்டையும் வாங்க அரை நாள் போகலாம். வழிகாட்டி பெரும்பாலும் இங்கேயே வந்து சேர்ந்துகொள்வார். கடவுச்சீட்டு, விசா, வண்டிப் பதிவு ஆகியவற்றின் நகல்களை இருபது முப்பது எடுத்து வைத்திருந்தால், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் காவலர் கையால் எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

படி 2: வண்டியில் என்ன ஏற்ற வேண்டும்

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு, இரண்டு நாளுக்கானதைக் கூடுதலாக ஏற்றுங்கள். அதை ஒரே பெரிய தொட்டியில் வைக்காமல் பல கேன்களில் பிரித்து வைத்தால், ஒன்று உடைந்தாலும் மற்றவை மிஞ்சும். டீசல் அல்ஜீரியாவில் மலிவு; ஆனால் தெற்கே ஒரு எரிபொருள் நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே தூரம் அதிகம். தார்ச்சாலையில் நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு லிட்டர் குடிக்கும் வண்டி, மணலில் இருபதைத் தாண்டிக் குடிக்கும் என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கருவிகளில் தவிர்க்கக் கூடாதவை: மண்வெட்டி, புதைந்த சக்கரத்துக்கு அடியில் செருகும் ஒரு ஜோடி மணல் தட்டுகள், டயருக்குக் காற்றடிக்கும் பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரஸர், காற்றழுத்தமானி, இரண்டு மாற்றுச் சக்கரங்கள், இழுவைக் கயிறு. வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிற்றை ஒருபோதும் மாட்டாதீர்கள். இழுக்கும்போது அது முறிந்தால் பீரங்கிக் குண்டைப் போலப் பறந்து வரும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

படி 3: தார்ச்சாலைப் பகுதி

எல் உவேதிலிருந்து துகுர்த், ஹஸ்ஸி மெஸ்ஊத், இலிஸி வழியாக ஜானெத் வரை 1,300 கிலோமீட்டருக்கும் மேல். எண்ணெய் வயல்கள் உள்ள பகுதி என்பதால் கெடுபிடி அதிகம். சில இடங்களில் காவல் படையின் வண்டி முன்னும் பின்னும் வரும். பேச்சு வார்த்தையை வழிகாட்டியிடம் விட்டுவிட்டு, கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். சாவடிகளையும் சீருடையினரையும் படம் எடுக்க வேண்டாம். இரவில் ஓட்டவும் வேண்டாம், ஒட்டகங்கள் சாலையிலேயே நிற்கும்.

படி 4: மணலில் இறங்குதல்

இனிமேல்தான் வண்டி ஓட்டுவதே தொடங்குகிறது. தார் முடியும் இடத்தில் நின்று நான்கு டயர்களிலும் காற்றைக் குறையுங்கள். சாலையில் 36 முதல் 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வரை இருந்ததை, மணலுக்கு 18 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். காற்று குறைந்த டயர் நீளவாக்கில் பரவி அதிகமான மணலில் பதிவதால், வண்டியின் எடை ஒரே இடத்தில் அழுத்தாது. என் வழிகாட்டி அளவுமானியைத் தொடவே இல்லை. ஒரு வேல முள்ளால் வால்வின் நடு ஊசியை அழுத்திக்கொண்டு, டயரின் அடிப்பக்கம் பிதுங்குவதைக் கண்ணால் பார்த்தே நிறுத்தினார். பிறகு நான் மானியை வைத்துப் பார்த்தபோது நான்கும் 17க்கும் 18க்கும் இடையில் இருந்தன. காற்று குறைந்திருக்கும்போது திடீரென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் வளையத்தை விட்டுக் கழன்றுவிடும். திருப்பங்கள் அகலமாக இருக்கட்டும்.

அடுத்தது ஓட்டும் முறை. நான்கு சக்கர இயக்கத்தை மணலில் இறங்கும் முன்பே போட்டுவிடுங்கள். வேகம் சீராக இருக்க வேண்டும். ஏற்றத்தின் நடுவில் கியர் மாற்றினால் அந்த ஒரு நொடியிலேயே வண்டி உட்கார்ந்துவிடும். நிற்க நினைத்தால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, முகப்பு இறக்கத்தை நோக்கியிருக்கும்படி தானாக நிற்க விடுங்கள். மேட்டில் நேராக ஏறி நேராக இறங்குங்கள். பக்கவாட்டில் சரிந்து சென்றால் வண்டி கவிழும். முகட்டுக்கு அப்பால் காற்று மறைவுப் பக்கம் செங்குத்தாக இருக்கும் என்பதால், வழிகாட்டி நடந்து போய்ப் பார்த்துவிட்டுக் கை காட்டும் வரை ஏறக் கூடாது. காலை மணல் குளிர்ந்து இறுகியிருக்கும். நடுப்பகலில் அது இளகுவதோடு, தலைக்கு மேல் வெயில் இருப்பதால் நிழல் விழாமல் மேடுபள்ளமே தெரியாது. கடினமான மணல்மேடுகளைப் பதினோரு மணிக்குள் கடந்துவிடுவது வழிகாட்டிகளின் வழக்கம்.

முன் வண்டியின் தடத்திலேயே செல்லுங்கள், ஆனால் புழுதி அடங்கும் அளவு இடைவெளி விட்டு. பின்னால் வருபவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும். குழுவாகச் செல்வதற்கு இந்த ஒரு விதி போதும். பார்வைக்குக் கெட்டியான தரைபோல் இருந்து, அடியில் மாவைப் போன்ற தூசு நிறைந்திருக்கும் இடங்களை ஃபெஷ்-ஃபெஷ் என்பார்கள். அதை அடையாளம் காணும் கண் நமக்கு ஒரு பயணத்தில் வந்துவிடாது.

படி 5: புதைந்துவிட்டால்

நான் செய்த தவறு, சக்கரம் சுழலத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தியதுதான். மூன்று நொடியில் அடித்தகடு மணலில் படிந்துவிட்டது. சக்கரம் சுழன்றால் உடனே காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் காற்றை 13 வரை குறைத்து, சக்கரங்களுக்கு முன்னும் அடித்தகட்டுக்குக் கீழும் உள்ள மணலை வாரிவிட்டு, மணல் தட்டுகளைச் சரிவாகச் செருகுங்கள். மணலை வாருவதில் சோம்பல்பட்டால் அதே வேலையை மூன்று முறை செய்வீர்கள். வெளியே வந்ததும் அங்கேயே நிற்காமல் கெட்டித் தரை வரை ஓட்டிச் சென்றுவிடுங்கள்.

படி 6: இரவுத் தங்கலும் தஸிலியும்

வறண்ட ஆற்றுப் படுகையில் மரநிழல் இருக்கிறதே என்று கூடாரம் போடாதீர்கள். எங்கோ தொலைவில் பெய்த மழை இரவில் வெள்ளமாக வந்துவிடும். காலையில் காலணியைத் தட்டிவிட்டு அணியுங்கள், தேள் இருக்கலாம். உயிருள்ள வேல மரத்தை விறகுக்கு வெட்டுவது அங்கே பெரும் பிழை. சமையலை வழிகாட்டியிடம் விட்டால், கனல் மூடிய மணலுக்குள் சுட்டெடுக்கும் தகெல்லா ரொட்டி கிடைக்கும். அதைத் தட்டி, மணலை உதறி, துண்டு துண்டாகப் பிய்த்துக் குழம்பில் போட்டுத் தருவார். மூன்று சுற்றுத் தேநீர் முடியும் முன் எழுந்து போவது மரியாதையன்று.

ஜானெத்தை ஒட்டிய பாறைப் பீடபூமியான தஸிலி நஜ்ஜெர், 1982 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை கொண்ட பாறை ஓவியங்களைத் தொடவோ, நிறம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நீர் தெளிக்கவோ கூடாது. 1950களில் படியெடுத்தவர்கள் அப்படி நனைத்ததால் பல ஓவியங்கள் மங்கிப்போயின. தரையில் கிடக்கும் கல் கருவிகளையும் பானை ஓட்டையும் எடுத்து வருவது சட்டப்படி குற்றம்.

படி 7: திரும்பும்போது

தார்ச்சாலையைத் தொட்டதும் காற்றை மீண்டும் நிரப்பாமல் நகரக் கூடாது. காற்றில்லா டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டுங்கள், சக்கர ஆணிகளை ஒருமுறை இறுக்குங்கள். வழிகாட்டிக்கான அன்பளிப்பை உறையில் போட்டு, அவர் விடைபெறும் முன் கையில் கொடுங்கள். எல்லையில், நுழையும்போது வாங்கிய வண்டித் தாளைச் சுங்கத்தில் திருப்பிக் கொடுத்து முத்திரை பெற மறந்தால், அவர்கள் கணக்கில் உங்கள் வண்டி இன்னும் நாட்டுக்குள்தான் நிற்கும். அடுத்த முறை விசா கேட்கும்போது அந்தச் சிக்கல் முதலில் வந்து நிற்கும்.