கடை சர்வரில் நெட்வொர்க் கார்டு ஹேங் ஆகிறதா? நான் சரிசெய்த விதம்

மாமாவுடைய ஹார்ட்வேர் கடை சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள். உர மூட்டை, செம்பனைக் குலை வெட்டும் அரிவாள், மருந்தடிக்கும் பம்பு, பைப்பு சாமான் எல்லாம் விற்கிற கடை. பாதி வியாபாரம் கடன் கணக்கில் ஓடும். சம்பள வாரம் வந்தால் கல்லாவில் கூட்டம் நெரியும். கணக்கு மென்பொருளுக்கு ஒரு விண்டோஸ், கேமரா பதிவுக்கு ஒன்று, கோப்புகள் வைக்க ஒரு லினக்ஸ் என்று மூன்று மெய்நிகர் கணினிகளை ஒரே பழைய அலுவலகக் கணினிக்குள் புரோக்ஸ்மாக்ஸ் (ஒரே பெட்டியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு அடக்கியது நான்தான். "இனிமே ஒரே பொட்டிதான் மாமா, கரண்டு பில்லும் கொறையும்" என்று பீற்றிக்கொண்டதும் நான்தான்.

இரண்டாவது மாதத்திலிருந்து அந்தப் பெட்டி வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை காணாமல் போக ஆரம்பித்தது. ஈப்போவில் வேலையில் இருக்கும்போது மாமா கூப்பிடுவார். "லைட்டெல்லாம் மினுக்கிக்கிட்டுதான் இருக்கு மாப்ள, ஆனா கணக்கு தொறக்க மாட்டேங்குது." பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகச் சொல்வேன். சரியாகிவிடும். இப்படியே மூன்று வாரம் ஓட்டினேன்.

எல்லாரும் முதலில் மின்னலைத்தான் சொன்னார்கள். எங்கள் பக்கம் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் கணினியை அணைத்துவிடுகிற ஊர், அதனால் நானும் நம்பினேன். ஆனால் மின்னலில் அடிபட்ட போர்ட் பெரும்பாலும் செத்தது செத்ததுதான். மறுபடி இயக்கியதும் பிழைத்து, நாலு நாள் ஒழுங்காக ஓடி, மறுபடி படுக்கிறதென்றால் மின்னலை விட்டுவிட்டு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பக்கம் பாருங்கள். நான் சுவிட்சையும் கேபிளையும் மாற்றி எண்பது வெள்ளி (ரிங்கிட்) செலவழித்த பிறகுதான் இது உறைத்தது.

புரோக்ஸ்மாக்ஸ் நிறுவுவது, ரூட்டாக உள்ளே போவது, நானோவில் ஒரு கோப்பைத் திருத்துவது இதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். (விஐ பிரியர்கள் மன்னிக்கவும். இரவு பதினொன்றுக்குக் கடைக்குள் கொசுக்கடியில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு நானோ போதும்.) கட்டளைகளை வேண்டுமென்றேதான் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், நீங்களே தட்டுங்கள். நெட்வொர்க் அமைப்பைப் புரியாமல் ஒட்டிவிட்டுக் கடையே நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும்.

படி 1: பிளக்கைப் பிடுங்காதீர்கள்

ஹேங் ஆனது கணினி அல்ல, கார்டு மட்டும்தான். உள்ளே மூன்று மெய்நிகர் கணினிகளும் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் நல்லபடி ஓடும் விண்டோஸின் கழுத்தையும் சேர்த்து நெரிக்கிறீர்கள். ஒரு திரையும் விசைப்பலகையும் மாட்டுங்கள். எச்டிஎம்ஐ உள்ள பழைய டிவி போதும். உள்ளே போய் டிமெசேஜ் கட்டளை கொடுங்கள் (எழுத்துகள் டி, எம், இ, எஸ், ஜி). கடைசி வரிகளில் இப்படி இருக்கிறதா என்று பாருங்கள்:

இ1000இ ... இஎன்ஓ1: டிடெக்டட் ஹார்ட்வேர் யூனிட் ஹேங்

இஎன்ஓ1 என்பது கார்டுக்கு லினக்ஸ் வைத்த பெயர், இ1000இ அதன் டிரைவர். கீழே டிடிஎச், டிடிடி என்று சில எண்கள் வரும். இதே தொகுதி இரண்டு விநாடிக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வந்து, நடுவில் "ரீசெட் அடாப்டர் அனெக்ஸ்பெக்டட்லி" என்றும் விழும்.

அந்த எண்களுக்கு அர்த்தம் இருக்கிறது. ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் மரம் வெட்டியவர்கள் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிடிடி என்பது வரிசையின் வால், புதிய பாக்கெட் (தரவுத் துண்டு) வந்து சேரும் இடம். டிடிஎச் என்பது தலை, கார்டு இப்போது எடைபோட்டுக்கொண்டிருக்கும் வாளி. வால் முன்னே போய்விட்டது, தலை மட்டும் எத்தனை தடவை பார்த்தாலும் அதே எண்ணில் நிற்கிறது என்றால், எடைபோடுகிற கிராணி (கணக்கர்) எழுந்து போய்விட்டார்.

ஏற்கெனவே பிடுங்கிச் சொருகிவிட்டீர்களா? பரவாயில்லை. ஜர்னல்சிடிஎல் -கே -பி -1 என்று தட்டினால், போன தடவை இயங்கியபோது கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) சொன்னதெல்லாம் வரும். அதில் ஹேங் என்ற சொல்லைத் தேடுங்கள். எனக்கு ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் கிடைத்தது. அத்தனையும் பதிவாகிக் கிடந்திருக்கிறது. மூன்று வாரமாகத் திறந்து பார்க்காதது நான்.

படி 2: கார்டையும் டிரைவரையும் தெரிந்துகொள்ளுங்கள்

எத்டூல் -ஐ இஎன்ஓ1 என்றால் முதல் வரியில் டிரைவர் பெயர் வரும். எல்எஸ்பிசிஐ -என்என்கே என்றால் கார்டின் பெயர். அலுவலகக் கணினிகளில் போர்டோடு ஒட்டியே வரும் ஐ217, ஐ218, ஐ219 வகைகளில் இ1000இ டிரைவர் இருந்தால் நீங்கள் என் கட்சி. ஆர்8169 (ரியல்டெக் கார்டுகளின் டிரைவர்) என்று வந்தால் மேலே சொன்ன தேடும் முறை உதவும், கீழே வரும் மருந்து கேட்கும் என்று சொல்ல மாட்டேன்.

படி 3: தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள்

டிசிபி தரவு அனுப்பும்போது, கெர்னல் 64 கிலோபைட் வரை ஒரே கட்டியாகக் கார்டிடம் கொடுத்து, "1500 பைட்டாக நீயே வெட்டிக்கொள்" என்று விட்டுவிடும். இந்த வெட்டும் வேலைக்குத்தான் டிஎஸ்ஓ என்று பெயர். ஜிஎஸ்ஓ அதற்குத் துணை. ஜிஆர்ஓ என்பது வாங்கும் பக்கத்தில் துண்டுகளைச் சேர்ப்பது. இந்த வகைக் கார்டுகள் சில, பாரம் ஏறும்போது இந்த வெட்டும் வேலையில்தான் சிக்கிக்கொள்கின்றன. ஆகவே அந்த வேலையைப் பிடுங்கிச் செயலியிடம் (சிபியு) கொடுக்கிறோம்:

எத்டூல் -கே இஎன்ஓ1 டிஎஸ்ஓ ஆஃப் ஜிஎஸ்ஓ ஆஃப் ஜிஆர்ஓ ஆஃப்

இங்கே மட்டும் 'கே' பெரிய எழுத்து. பெரிய 'கே' மாற்றும், சின்ன 'கே' காட்டும். மாற்றிய பிறகு சின்ன 'கே'யோடு ஒரு தடவை கேட்டு, டிசிபி செக்மெண்டேஷன் ஆஃப்லோட் என்ற வரியில் ஆஃப் என்று இருக்கிறதா பாருங்கள்.

வேகம் குறையுமோ என்ற பயம் வேண்டாம். ஒரு கிகாபிட் வேகத்துக்கு இன்றைய செயலிக்கு இது பெரிய சுமை இல்லை. அணைத்த பிறகும் எனக்கு ஐபெர்ஃப்3-இல் (நெட்வொர்க் வேகம் அளக்கும் கருவி) 940 மெகாபிட் அளவில் வந்தது, முன்பு வந்ததும் அதுதான்.

படி 4: நிரந்தரமாக்குவது (நான் விழுந்த பள்ளம்)

மேலே செய்தது மறுபடி இயக்கினால் மறைந்துவிடும். ஈடிசி அடைவில் நெட்வொர்க், அதற்குள் இண்டர்ஃபேசஸ் என்ற கோப்பில் எழுதி வைக்க வேண்டும். திறந்தால் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று இஎன்ஓ1, "ஐஃபேஸ் இஎன்ஓ1 இனெட் மேனுவல்" என்று ஒற்றை வரியில் மொட்டையாக நிற்கும். இன்னொன்று விஎம்பிஆர்0 (கடைசியில் பூஜ்யம்), ஐபி முகவரி, கேட்வே எல்லாம் வைத்துக்கொண்டு பெரிய மனிதர் மாதிரி இருக்கும்.

நான் பெரிய மனிதரிடம் போனேன். முகவரி அங்கேதானே இருக்கிறது என்று விஎம்பிஆர்0-க்குக் கீழே, விஎம்பிஆர்0 பெயரிலேயே வரியை எழுதினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. சின்ன 'கே'யில் கேட்டால் ஆஃப் என்றது. புரோக்ஸ்மாக்ஸிலிருந்தே ஐபெர்ஃப்3 ஓட்டினேன், பத்து நிமிடம் அசையவில்லை. இரவு இரண்டு மணிக்கு நடக்கும் பேக்கப்பும் மூன்று நாள் சுத்தமாக முடிந்தது. மாமாவிடம் சரியாகிவிட்டது என்று சொல்லி, ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் வாங்கித் தின்றாயிற்று.

நாலாவது நாள் கணக்குப் பார்க்கும் அக்கா விண்டோஸிலிருந்து பழைய பில்களைத் தன் மடிக்கணினிக்கு நகலெடுத்தார். ஐந்தே நிமிடம். கடை காலி.

காரணம் புரிய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. விஎம்பிஆர்0 ஒரு பாலம். புரோக்ஸ்மாக்ஸ் தானே அனுப்பும் தரவு விஎம்பிஆர்0 வழியாகப் புறப்படுகிறது, அதனால் அங்கே போட்ட தடை அதற்குப் பலிக்கும். பேக்கப் தப்பித்தது அப்படித்தான். மெய்நிகர் கணினியின் தரவு அப்படி இல்லை. அது தன் டேப் (மெய்நிகர் கணினியைப் பாலத்தோடு இணைக்கும் மெய்நிகர் கேபிள்) வழியாகப் பாலத்தில் ஏறி, நேராக இஎன்ஓ1 பக்கம் இறங்கிவிடும். விஎம்பிஆர்0-இல் இருக்கும் ஐபி முகவரி அதற்கு வழியே இல்லை. கட்டி கட்டியாகவே கார்டுக்குப் போய்ச் சேரும். அந்தக் கட்டிதான் கார்டின் தொண்டையில் சிக்கியது.

ஆகவே வரியை இஎன்ஓ1-க்குக் கீழே, நாலு இடைவெளி விட்டு எழுதுங்கள்:

போஸ்ட்-அப் /எஸ்பின்/எத்டூல் -கே இஎன்ஓ1 டிஎஸ்ஓ ஆஃப் ஜிஎஸ்ஓ ஆஃப் ஜிஆர்ஓ ஆஃப்

மறுபடியும் பெரிய 'கே'. சேமித்துவிட்டு ஐஎஃப்ரீலோட் -ஏ கொடுங்கள். இதை முதல் தடவை செய்யும்போது கடையிலேயே, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள். ஈப்போவிலிருந்து செய்து ஒரு எழுத்துப் பிழையால் இரவு ஒன்பதுக்குக் கார் எடுத்தவன் சொல்கிறேன்.

படி 5: சோதனை, சரியான திசையில்

சிக்குவது அனுப்பும் பக்கம். அதனால் சர்வர் அனுப்ப வேண்டும், மடிக்கணினி வாங்க வேண்டும். மடிக்கணினியில் ஐபெர்ஃப்3 -எஸ். மெய்நிகர் கணினிக்குள்ளிருந்து ஐபெர்ஃப்3 -சி, பிறகு மடிக்கணினியின் ஐபி, -டி 1800. அரை மணி நேரம் ஓடட்டும். புரோக்ஸ்மாக்ஸிலிருந்து ஓட்டிவிட்டு ஜெயித்ததாக நினைக்காதீர்கள், மேலே பார்த்தீர்கள் அல்லவா. பக்கத்தில் ஜர்னல்சிடிஎல் -கே -எஃப் திறந்து வையுங்கள்.

இன்னும் ஹேங் வந்தால்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் மின்சிக்கன ஈதர்நெட்டை அணைக்கலாம்: எத்டூல் --செட்-இஇஇ இஎன்ஓ1 இஇஇ ஆஃப். அப்புறம் பயாஸ் புதுப்பிப்பு. அதற்கும் மசியாவிட்டால் கெர்னலுக்கு பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் (கார்டு இணைப்பின் மின்சிக்கனத்தை அணைப்பது) என்று சொல்லலாம். இதை எங்கே எழுதுவது என்பதில் பலர் ஏமாறுவார்கள். கிரப் வழியாகத் துவங்கும் கணினி என்றால் ஈடிசி/டீஃபால்ட்/கிரப் கோப்பில் எழுதி அப்டேட்-கிரப். இசட்எஃப்எஸ் போட்டு யூஇஎஃப்ஐ வழியாக நிறுவியிருந்தால் பெரும்பாலும் சிஸ்டம்டி-பூட் இருக்கும். அப்போது ஈடிசி/கெர்னல்/சிஎம்டிலைன் கோப்பில், இருக்கும் ஒரே வரியின் கடைசியில் சேர்த்து, புரோக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் ரெஃப்ரெஷ். எது உங்களுடையது என்று புரோக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் ஸ்டேட்டஸ் சொல்லும். எனக்கு இதற்கெல்லாம் வேலை வரவில்லை.

பிங் போகவில்லையென்றால் தானாக மறுபடி இயக்கும் ஸ்கிரிப்டைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. கடையின் ரௌட்டர் பத்து நிமிடம் படுத்தால், நன்றாக இருக்கும் சர்வரும் சேர்ந்து எழுந்து எழுந்து விழும். ஸ்கிரிப்ட் எழுதும் நேரத்தில் ஐ350 மாதிரி ஐஜிபி டிரைவரில் ஓடும் பழைய சர்வர் கார்டு ஒன்றை வாங்கிச் சொருகிவிடுவேன். யூஎஸ்பி கார்டு வேண்டவே வேண்டாம்.

பின்சேர்க்கை: அப்படிக் கார்டு வாங்கிச் சொருகிய ஒரு வாசகருக்கு நெட்வொர்க்கே வரவில்லை. புதிய கார்டு வந்ததில் பிசிஐ எண்கள் நகர்ந்து, அவருடைய இஎன்பி3எஸ்0 இப்போது இஎன்பி4எஸ்0. கோப்பில் பழைய பெயர்தான் இருந்தது. ஐபி லிங்க் கட்டளையில் புதிய பெயரைப் பார்த்து, ஐஃபேஸ் வரியிலும், விஎம்பிஆர்0-க்குக் கீழே இருக்கும் பிரிட்ஜ்-போர்ட்ஸ் வரியிலும், போஸ்ட்-அப் வரியிலும் மாற்றியதும் வந்துவிட்டது. புரோக்ஸ்மாக்ஸ் 9-இல் பெயர் நகராமல் கட்டிவைக்க பிவிஇ-நெட்வொர்க்-இண்டர்ஃபேஸ்-பின்னிங் என்று ஒரு கருவியே உண்டு.

இன்னொரு பின்சேர்க்கை: புரோக்ஸ்மாக்ஸ் இல்லாமல் வெறும் டெபியன் லினக்ஸில் மெய்நிகர் கணினி ஓட்டுகிற ஒருவருக்கு "எத்டூல் கிடைக்கவில்லை" என்று வந்தது. ஆப்ட் இன்ஸ்டால் எத்டூல் போட வேண்டும், ஆனால் நெட்வொர்க் செத்த பிறகு எங்கிருந்து இறக்குவது? தற்காலிகமாக ஐபி லிங்க் செட் இஎன்ஓ1 டவுன், பிறகு அதே கட்டளையில் அப் கொடுங்கள். கார்டு பெரும்பாலும் எழுந்துகொள்ளும். மறுபடி விழுவதற்குள் இறக்கிவிடுங்கள்.